லாஸ்ட் நேம் என்ன, பாஸ்?

முகத்தை நீங்களே செலக்ட் பண்ணலாம். வீட்டை நீங்களே கட்டலாம். யாரை லவ் பண்றதுன்னுகூட நீங்களே முடிவு பண்ணலாம். கம்ப்யூட்டருக்குள்ள இப்படி ஒரு வாழ்க்கை கிடைச்சா யாருக்குத்தான் கசக்கும்? சரி... அந்த வாழ்க்கையில நாம இருக்கோமா?

கிழக்குத் தாம்பரம், கேம்ப் ரோடு பக்கத்துல ஃப்ரெண்டோட வீடு. ஹால் மூலையில குண்டு மானிட்டர். அதுக்குத் தனியா ஒரு பூப்போட்ட துணி உறை வேற. செமஸ்டர் லீவு. பஜார்ல வாங்கின சிடியை உள்ளே தள்ளினதும் ஸ்கிரீன்ல பச்சைக் கலர் வைரம் ஒண்ணு சுத்திச்சு. 'தி சிம்ஸ்'!

அதுவரைக்கும் எங்களுக்குத் தெரிஞ்ச கேம்னா ஒண்ணு சுடணும், இல்லேன்னா கார் ஓட்டணும். இதுல அந்த ஜோலியே இல்லை. ஒரு ஆளை உருவாக்கணும். வீடு கட்டிக் கொடுக்கணும். பசிச்சா சோறு போடணும், தூக்கம் வந்தா படுக்க வைக்கணும், பேப்பர் பார்த்து வேலை தேட வைக்கணும். நம்ம அம்மா நமக்குப் பண்றதை நாம இன்னொருத்தனுக்குப் பண்ணணும். அவ்வளவுதான் கேம்!

முதல் கேள்வி, குடும்பப் பேர் என்ன? கொஞ்சம் முழிச்சுட்டு அப்பா பேரை டைப் பண்ணினேன். அடுத்தது தோல் நிறம். மூணே மூணு சாய்ஸ். வெள்ளை, நடுத்தரம், கருப்பு. ஒரு செகண்ட்கூட யோசிக்கலை. வெள்ளையை க்ளிக் பண்ணிட்டேன். ப்ரவுன் கலர் தலைமுடி, கோட்டு சூட்டு. ஆள் ரெடி.

காபி கொடுக்க வந்த ஃப்ரெண்டோட அம்மா, ஸ்கிரீனை எட்டிப் பார்த்தாங்க.

"யாருப்பா இது?"

"நான்தான் ஆன்ட்டி."

"நீயா? இதுல உன்னை எங்கப்பா காணோம்?"

சிரிச்சுக்கிட்டே டம்ளரை வெச்சுட்டுப் போயிட்டாங்க. நாங்களும் சிரிச்சோம். ஆனா இருபது வருஷத்துக்கு மேல ஆகியும் அந்தக் கேள்வி மட்டும் விட மாட்டேங்குது. யாரும் கட்டாயப்படுத்தலை. கருப்பும் அங்கேதான் இருந்துச்சு. அப்புறம் ஏன் என் கை நேரா வெள்ளைக்குப் போச்சு?

எரிஞ்ச வீட்டுல பிறந்த ஐடியா

இந்த கேம் எங்கேருந்து வந்துச்சுன்னு முதல்ல பார்த்துடுவோம். கதை சுவாரஸ்யமானது.

வில் ரைட். அமெரிக்காக்காரர். 1989-ல 'சிம்சிட்டி'னு ஒரு கேம் பண்ணி, ரோடு, கரன்ட், வரின்னு ஒரு ஊரையே நிர்வாகம் பண்ண வெச்சவர். 1991 அக்டோபர்ல கலிஃபோர்னியாவின் ஓக்லாண்ட் மலைப் பகுதியில பெரிய காட்டுத்தீ. அதுல அவர் வீடும் போயிடுச்சு. எல்லாத்தையும் திரும்ப வாங்கணும். எது முதல்ல? கட்டிலா, அடுப்பா, டிவியா? ஒரு மனுஷனுக்கு நிஜமாவே எந்தெந்தப் பொருள் தேவை? இப்படி ஒவ்வொண்ணா வாங்கி வீட்டை மறுபடி நிமிர்த்தினப்பதான் ஒரு வீட்டையும் அதுல வாழுற ஆளையும் வெச்சு கேம் பண்ணலாம்ங்கிற யோசனை வளர்ந்துச்சு.

கம்பெனிக்குள்ள அந்த கேமுக்கு ஓடின பேரு 'பொம்மை வீடு'. பொம்மை வீட்டை வெச்சு யார்யா விளையாடுவாங்கன்னு தயங்கினவங்களும் இருந்தாங்க. 2000 பிப்ரவரி 4-ல 'தி சிம்ஸ்' ரிலீஸ். ரெண்டே வருஷத்துல, அதுவரைக்கும் வந்த பிசி கேம்கள்லயே அதிகமா வித்த கேம்னு பேர் வாங்கிடுச்சு. கேம்னாலே பசங்க சமாச்சாரம்னு ஒதுங்கியிருந்த பொண்ணுங்க கூட்டம் கூட்டமா உட்கார்ந்து விளையாடின கேம் அது.

ஒரு ஆளுக்குப் பசி, வசதி, சுத்தம், பாத்ரூம், தூக்கம், பொழுதுபோக்கு, நட்பு, அறை அழகுன்னு எட்டுத் தேவைகள். கையில 20,000 சிமோலியன் பணம். ஒரு மனையை வாங்கு, சுவரைக் கட்டு, சோபா வாங்கு. நல்ல சோபா வாங்கினா வசதி மீட்டர் சட்டுனு ஏறும். அதனால இன்னும் நல்ல சோபா. அதுக்குப் பணம். பணத்துக்கு ப்ரமோஷன். ப்ரமோஷனுக்கு ஃப்ரெண்ட்ஸ். ஓடு... ஓடு! கடைசியில பொருளுக்காக நாமளா, நமக்காகப் பொருளாங்கிற கேள்வி வரும். இந்தக் கிண்டலை வேணும்னேதான் உள்ளே வெச்சதா வில் ரைட்டே சொல்லியிருக்கார்.

அவங்க பேசுற பாஷை 'சிம்லிஷ்'. அர்த்தமே இல்லாத பாஷை. நடிகர்கள் மைக் முன்னாடி நின்னு வாய்க்கு வந்ததைப் பேசிப் பதிவு பண்ணினது. எந்த நாட்டுக்காரரும் 'இது என் பாஷை இல்லையே'ன்னு சொல்ல முடியாது. கெட்டிக்காரத்தனமான ஐடியாதான். ஆனா வாயைப் பொதுவாக்கின மாதிரி வீட்டைப் பொதுவாக்க முடியலையே!

முடிச்சூர்ல இருந்து ஒருத்தர் பண்ணியிருந்தா?

யோசிச்சுப் பாருங்க. அந்த வீட்டு முன்னாடி புல்வெளி இருக்கும், லெட்டர் பாக்ஸ் இருக்கும். வேலைக்குப் போகணும்னா வாசல்ல கார் வந்து ஹாரன் அடிக்கும். 1931-லேருந்து பீச் - தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஓடுற ஊர்க்காரன் நான். காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்துல சீட் பிடிக்கிற வித்தையை எந்த மீட்டர்ல போடுறது?

குழாயைத் திறந்தா தண்ணி வரும், எப்பவும் வரும். தண்ணி லாரி இல்லை, போர்வெல் இல்லை, மோட்டார் போட மறந்துட்டு அம்மாகிட்ட வாங்குற திட்டு இல்லை. 2019 கோடையில ஏரிகள் வறண்டு போய், மேடவாக்கம், செம்பாக்கம்னு லாரிக்குக் குடத்தோட காத்துக்கிடந்தவங்களைக் கேளுங்க. தேவைகள்ல முதல் மீட்டர் தண்ணிதான்னு சொல்லுவாங்க.

கேம்ல சமையல் தெரியாதவன் அடுப்பைப் பத்த வெச்சா தீப்பிடிக்கும். வீடே எரியும். பிற்பாடு வந்த பாகங்கள்ல மழைகூட வந்துச்சு. ஆனா 2015 டிசம்பர்ல முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் அடையாறு வீட்டுக்குள்ள வந்துச்சே, அந்த மாதிரி வெள்ளம்? மொட்டை மாடியில ராத்திரி முழுக்க உட்கார்ந்து, கீழே ஃப்ரிட்ஜ் மிதக்கிற சத்தத்தைக் கேட்டவங்க நம்ம க்ளாஸ்லயே இருக்காங்க. தீயில வீட்டை இழந்த ஒருத்தரோட யோசனையில வளர்ந்த கேம்ல தீ இருக்கு. முடிச்சூர்க்காரர் ஒருத்தர் பண்ணியிருந்தா, முதல் லெவல்லயே "சர்டிஃபிகேட்டை எடுத்துப் பரண்ல வை"ன்னு வந்திருக்கும்.

விஷயம் இதுதான் ஃப்ரெண்ட்ஸ். லைஃப் சிமுலேஷன்னு சொல்றோமே, அது வாழ்க்கையோட நகல் இல்லை. யாரோ ஒருத்தர், 'வாழ்க்கைன்னா இவ்வளவுதான்'னு போட்ட லிஸ்ட். யார் லிஸ்ட் போடுறாங்களோ, அவங்க வீடுதான் உள்ளே இருக்கும்.

கொலுப்படியில ஒரு சிம்ஸ்

இதெல்லாம் அமெரிக்கா சமாச்சாரம், நமக்கெதுக்குன்னு நினைக்காதீங்க. நாம இதுல சீனியர்!

சொப்புச் சாமான் வெச்சு மண்ணுல சோறாக்கி, இலையில பரிமாறி, 'அப்பா ஆபீஸ் போயிட்டு வந்தாச்சு'ன்னு விளையாடினது என்ன? மரப்பாச்சிப் பொம்மைக்குச் சட்டை தைச்சுப் போட்டது என்ன? நவராத்திரி கொலுவை எடுத்துக்குங்க. படிக்குப் பக்கத்துல மண்ணைக் கொட்டி, கடுகோ கேழ்வரகோ தூவி, முளைச்சதும் 'பார்க்' ரெடி. கண்ணாடித் துண்டு வெச்சா குளம். கல்யாண செட், கிரிக்கெட் செட், கிராமத்துச் சந்தை செட். சுத்தமான லைஃப் சிமுலேஷன். என்ன, மவுஸ் மட்டும்தான் இல்லை.

ஆனா கொலுவையும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க. அரிசி, பருப்புக் கிண்ணங்களை முன்னாடி பரப்பிக்கிட்டு செட்டியாரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருப்பாங்க. மளிகைக் கடைன்னா இன்னார்தான்னு பொம்மைக்கே ஜாதி, தொழில் எல்லாம் ஒட்டியாச்சு. குழந்தைங்க சும்மா வேடிக்கை பார்த்தா போதும். பாடம் தானா இறங்கிடும். அந்தக் கால பொம்மையா இருந்தாலும் சரி, இந்தக் கால கேமா இருந்தாலும் சரி, 'இதுதான் இயல்பு'ன்னு ரெண்டும் சத்தமில்லாமச் சொல்லித்தருது.

செங்கல்பட்டு கேட்ட கேள்வி

இப்போ அந்தக் குடும்பப் பேர் மேட்டருக்கு வருவோம். அன்னைக்கு ஏன் முழிச்சேன்?

நமக்குத்தான் லாஸ்ட் நேமே கிடையாதே! இனிஷியல்தான். அப்பாவுக்குத் தாத்தா இனிஷியல், நமக்கு அப்பா இனிஷியல், அம்மாவுக்கு இன்னொண்ணு. ஒரே வீட்டுல நாலு பேர், மூணு இனிஷியல். கேமுக்கு இது புரியாது. குடும்பம்னா எல்லாருக்கும் ஒரே வால் இருக்கணும்னு அது நினைக்குது.

நமக்கு ஏன் வால் இல்லைங்கிறதுக்கு ஒரு பெரிய கதை இருக்கு. தாம்பரத்துலேருந்து அதே தண்டவாளத்துல தெற்கே போனா செங்கல்பட்டு. 1929 பிப்ரவரியில அங்கே முதல் சுயமரியாதை மாகாண மாநாடு நடந்துச்சு. பேருக்குப் பின்னாடி ஜாதிப் பட்டம் போடுறதை விட்டுடணும்னு அங்கே தீர்மானம் போட்டாங்க. தலைவர்களே தங்களோட பேர்ல இருந்த பட்டத்தை வெட்டினாங்க. இன்னைக்கு நம்ம க்ளாஸ் அட்டெண்டன்ஸ்ல பேரோட இனிஷியல் மட்டும் இருக்குன்னா அதுக்குப் பின்னாடி அந்தச் செங்கல்பட்டு இருக்கு. ஜாதி ஒழிஞ்சுடுச்சான்னு கேட்டா, இல்லை. ஆனா பேரைக் கேட்டதும் ஜாதி தெரியக் கூடாதுன்னு ஒரு சமூகம் முடிவெடுத்தது சின்ன விஷயமா?

கேமைப் பண்ணினவங்க கெட்ட எண்ணத்துல அந்தக் கட்டத்தை வைக்கலை. அவங்க ஊர்ல எல்லாருக்கும் சர்நேம் உண்டு, வெச்சாங்க. ஆனா ஒரு காலிக் கட்டம், நம்ம ஊர் சரித்திரத்தையே ஒரு செகண்ட்ல 'செல்லாது'ன்னு சொல்லிடுது பாருங்க. பாஸ்போர்ட்டுல ஆரம்பிச்சு வெளிநாட்டு யுனிவர்சிட்டி அப்ளிகேஷன் வரைக்கும், லாஸ்ட் நேம் கட்டத்துல என்ன போடுறதுன்னு தலையைச் சொறிஞ்சவங்களுக்கு இந்த வலி புரியும்.

மூணு கலர்லேருந்து நூறு கலர்

தோல் நிறத்துக்கு வருவோம். 2000-ல மூணு. 2004-ல வந்த ரெண்டாம் பாகத்துல நாலு. 2014-ல வந்த நாலாம் பாகத்துல இன்னும் கொஞ்சம் கூடுச்சு. ஆனா கருத்த நிறம்னாலே சாம்பல் பூசின மாதிரி இருக்குன்னு விளையாடுறவங்க வருஷக்கணக்கா சண்டை போட்டாங்க. கடைசியில 2020 டிசம்பர்ல நூத்துக்கும் மேல புது நிறங்கள் வந்துச்சு, இலவசமா.

அதே 2020-ஐ ஞாபகம் இருக்கா? ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொலைக்கு அப்புறம் உலகம் முழுக்க நிறவெறியைப் பத்திப் பேச்சு. நம்ம நாட்டுல 1975-லேருந்து வித்துக்கிட்டிருந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' அந்த வருஷம்தான் பேரை மாத்தி 'க்ளோ அண்ட் லவ்லி' ஆச்சு. டியூப்ல பேர் மாறிச்சு. மேட்ரிமோனியல் விளம்பரத்துல 'சிவந்த நிறமுள்ள' மாறிச்சான்னு ஞாயித்துக்கிழமை பேப்பரைப் பார்த்துச் சொல்லுங்க.

இங்கேதான் என் க்ளிக்கோட கதை. சாய்ஸ் இல்லாததால மட்டும் நான் வெள்ளையை எடுக்கலை. சாய்ஸ் இருந்தும் எடுத்தேன். சின்ன வயசுலேருந்து 'வெயில்ல ஆடாதே, கருத்துடுவே'ன்னு கேட்டு வளர்ந்த கை அது. கேமுக்குள்ள போறதுக்கு முன்னாடியே லிஸ்ட் எனக்குள்ள இருந்துச்சு.

"சும்மா கேம்தானே பாஸ்"னு சொல்றவங்களுக்கு ஒரு ஆராய்ச்சி. ஸ்டான்ஃபோர்டுல நிக் யீ, ஜெரமி பெய்லன்சன்னு ரெண்டு பேர் 2007-ல வெளியிட்டாங்க. விர்ச்சுவல் உலகத்துல சிலருக்கு உயரமான உருவம், சிலருக்குக் குட்டையான உருவம் கொடுத்தாங்க. உயரமான உருவம் கிடைச்சவங்க பணம் பங்கு போடுற பேரத்துல தைரியமா அடிச்சுப் பேசினாங்க. அழகான முகம் கிடைச்சவங்க எதிராளிகிட்ட இன்னும் நெருங்கி நின்னு, தங்களைப் பத்தி அதிகமாச் சொன்னாங்க. நாம போட்டுக்கிற முகம் நம்ம நடத்தையை மாத்துது. அதுக்கு அவங்க வெச்ச பேர் 'ப்ரோட்டியஸ் எஃபெக்ட்'. ப்ரோட்டியஸ்னா கிரேக்கப் புராணத்துல நினைச்ச உருவம் எடுக்கிற கடல் தெய்வம்.

அப்போ, வெள்ளை முகத்தோட விளையாடினாத்தான் தைரியம் வரும்னு ஒரு கருத்த பையன் பழகிட்டான்னா... மானிட்டரை ஆஃப் பண்ணினதுக்கு அப்புறம் கண்ணாடியில தெரியுற முகத்தை அவன் என்ன பண்ணுவான்?

'அவங்க' நமக்குப் புதுசா?

1999-ல அமெரிக்காவுல ஈ-3னு ஒரு பெரிய கேம் கண்காட்சி. சிம்ஸ் டெமோவுல ஒரு கல்யாண சீன் ஓடிட்டிருக்கு. திடீர்னு கூட்டத்துல இருந்த ரெண்டு பொண்ணுங்க முத்தம் கொடுத்துக்கிட்டாங்க! யாரும் அப்படி எழுதி வைக்கலை. பேட்ரிக் பாரெட்ங்கிற ப்ரோக்ராமர்கிட்ட தெரியாத்தனமா ஒரு பழைய டிசைன் பேப்பரைக் கொடுத்திருக்காங்க. அதுல ஆண் - பெண்ணுன்னு பிரிக்காம யாரும் யாரையும் விரும்பலாம்னு இருந்துச்சு. அவர் அப்படியே ப்ரோக்ராம் பண்ணிட்டார். அது கேம்லயும் நின்னுடுச்சு.

நம்ம நாட்டுல இதே விஷயம் 377-வது பிரிவுப்படி குற்றமா இருந்துச்சு. 2018 செப்டம்பர் 6-ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு சொல்ற வரைக்கும்! அதாவது பல வருஷம், கம்ப்யூட்டருக்குள்ள சாதாரணமா இருந்தது கம்ப்யூட்டருக்கு வெளியே ஜெயில் சமாச்சாரம். வெளியே யார்கிட்டயும் சொல்ல முடியாத ஒண்ணை, கதவைச் சாத்திக்கிட்டு அந்த ஸ்கிரீன்ல மட்டும் வாழ்ந்து பார்த்தவங்க நிச்சயம் நம்ம ஏரியா ஹாஸ்டல்லயும் இருந்திருப்பாங்க. அவங்களுக்கு அது பொழுதுபோக்கு மட்டுமா?

எல்லா கேம் கம்பெனியும் இப்படி இல்லை. நிண்டெண்டோவோட 'டோமோடாச்சி லைஃப்'ல ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் ஜோடி சேர வழியில்லைன்னு 2014-ல பிரச்னை கிளம்பி, கம்பெனி மன்னிப்புக் கேட்க வேண்டியதாச்சு.

2022 மே மாசம் சிம்ஸ் நாலாம் பாகத்துல 'அவன்', 'அவள்' தவிர வேற பிரதிப்பெயரும் போட்டுக்கலாம்னு வசதி கொடுத்தாங்க, முதல்ல இங்கிலீஷ்ல மட்டும். பெரிய விவாதம் நடந்துச்சு. தமிழ்ல இதுக்கு அப்டேட்டே தேவையில்லை. 'அவர்', 'அவங்க'ன்னு சொன்னா ஆணா பெண்ணான்னு கேட்காமலே மரியாதையும் சேர்ந்து வந்துடுது. 2008-ல திருநங்கையர் நல வாரியம் அமைச்ச மாநிலம் நம்மது. வார்த்தை நம்மகிட்ட ரெடியா இருக்கு. ட்ரெயின்ல கைதட்டிக்கிட்டு வர்றவங்களை அந்த வார்த்தையால கூப்பிடுறோமாங்கிறதுதான் கேள்வி.

டொரான்டோவுல வெந்த இட்லி

லிஸ்ட் போடுற பேனா நம்ம கைக்கு வந்தா என்ன ஆகும்? பதில் 2023 ஜூலை 31-ல வந்துச்சு. கேமோட பேரு 'வெண்பா'.

கனடாவின் டொரான்டோவுல இருக்கிற 'விசை கேம்ஸ்'ங்கிற சின்ன டீம் பண்ணினது. 1980-கள்ல தமிழ்நாட்டுலேருந்து கனடாவுக்குப் போன ஒரு ஜோடி, வெண்பாவும் பாவலனும். அங்கே பிறக்கிற பையன் கவின். அம்மா கொடுத்துவிட்ட சமையல் நோட்டு கிழிஞ்சு, கறை பட்டு, பாதி எழுத்து அழிஞ்சு கிடக்கு. மீதியை நாம கண்டுபிடிக்கணும். முதல் வேலை, இட்லி ஊத்துறது. தட்டை எப்படி அடுக்கினா ஆவி சரியா மேலே போகும்? நம்ம வீட்டுல பாட்டிக்குத் தூக்கத்துலகூடத் தெரிஞ்ச விஷயம். உலகம் முழுக்க கேம் விளையாடுறவங்க அதுக்கு மூளையைக் கசக்கினாங்க!

நோட்டுப் புத்தகம்தான் புதிர், பசிதான் கதை. பையன் வளர வளர தமிழ் அவன்கிட்டேருந்து நழுவுது. பெரியவனானதும் அம்மாவோட குறிப்பைத் தடுமாறித்தான் படிக்கிறான். கண்ணு கலங்காம அந்த இடத்தைத் தாண்டுறது கஷ்டம். இதுல நூறு சாய்ஸ் கிடையாது, தோல் நிறத்தை செலக்ட் பண்ணச் சொல்றதும் இல்லை. வெண்பா கருப்புதான். கதாநாயகி அவதான்.

2024-ல சான் ஃபிரான்சிஸ்கோவுல நடந்த இண்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல்ல பெரிய பரிசு வெண்பாவுக்கு. அதே வருஷம் பிரிட்டனின் பாஃப்டா விருதுகள்ல சிறந்த அறிமுக கேம் விருதும். இட்லிப் பானையை இட்லிப் பானையாவே வெச்சாங்க. உலகத்துக்குப் புரியணும்னு அதைக் கேக்கா மாத்தலை. அதனாலதான் உலகத்துக்குப் புரிஞ்சுது.

பெரிய கம்பெனிங்களும் நம்ம பக்கம் எட்டிப் பார்க்காம இல்லை. 2021 அக்டோபர்ல சிம்ஸ்ல மும்பைத் தெரு ஃபேஷனை வெச்சு ஒரு ட்ரெஸ் தொகுப்பு வந்துச்சு. சந்தோஷம்தான். ஆனா ட்ரெஸ் மட்டும் வந்தா நாம வந்துட்டோம்னு அர்த்தமா?

வராத அப்பா வந்த கல்யாணம்

'இதெல்லாம் பொய் உலகம்'னு ஒரேடியா தள்ளிடவும் முடியாது. 2022 பிப்ரவரி 6. கொரோனா கட்டுப்பாடுகள் இருந்த நேரம். கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு கிராமத்துல கல்யாணம் முடிஞ்சு, ரிசப்ஷனை மெட்டாவெர்ஸ்ல வெச்சாங்க. ஹாரி பாட்டர் கோட்டை மாதிரி ஒரு மண்டபம். விருந்தாளிங்க எல்லாரும் பொம்மை உருவத்துல வந்தாங்க. அந்தக் கூட்டத்துல பொண்ணோட அப்பாவும் இருந்தார். அவர் ஏற்கெனவே இறந்துபோனவர். அவர் உருவத்தை முப்பரிமாணத்துல செஞ்சு, மணமக்களை ஆசீர்வாதம் பண்ண வெச்சாங்க.

பொய்யா இது? அவர் வரலைன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா? நம்ம வீட்டுக் கல்யாணங்கள்ல இறந்துபோன தாத்தா படத்துக்கு மாலை போட்டுப் பத்திரிகையை முன்னாடி வெச்சுக் கும்பிடறோம். இதுவும் அதுதான். அந்த உருவம் அவர் முகத்துல இருந்ததாலதான் அது அப்பா. வேற ஒரு ரெடிமேட் வெள்ளைக்காரத் தாத்தாவை நிறுத்தியிருந்தா அங்கே கண்ணீர் வந்திருக்குமா? முகம் எவ்வளவு முக்கியம்னு இதுக்கு மேல யாரும் சொல்ல வேண்டாம்.

ஹவுஸ் ஓனர் மோடு!

கடைசியா ஒரு கஷ்டமான கேள்வி. நாளைக்கே நம்ம பசங்க நாலு பேர் சேர்ந்து 'தாம்பரம் லைஃப்'னு ஒரு கேம் பண்றாங்கன்னு வைங்க. ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக், சானடோரியம் ஸ்டேஷன், வாசல்ல கோலம், பரோட்டா கடை, எல்லாம் சூப்பரா வந்துடும். வாடகைக்கு வீடு தேடுற சீன்?

வாடகை வீடு சிம்ஸ்லயும் உண்டு. 2023 டிசம்பர்ல வந்த 'ஃபார் ரென்ட்' தொகுப்புல ஹவுஸ் ஓனராவும் இருக்கலாம், குடித்தனக்காரராவும் இருக்கலாம். ஆனா காலேஜ் முடிச்சு, செலையூர், குரோம்பேட்டை, மாடம்பாக்கம்னு வீடு தேடி அலைஞ்சவங்களுக்கு அந்த கேம்ல இல்லாத டயலாக் எல்லாம் மனப்பாடம். "நான்-வெஜ் சமைப்பீங்களா?" "சொந்த ஊரு எது?" "ஊர்ல எந்தத் தெரு?" "நீங்க யாரு, என்ன ஆளுங்க?" நாலாவது கேள்விக்கு அப்புறம் "வீடு ஏற்கெனவே பேசி முடிச்சாச்சு தம்பி"ன்னு கதவு சாத்தும். என்கூடப் படிச்ச ஒருத்தன் ஒரே மாசத்துல இப்படி ஏழு கதவைப் பார்த்தான். எட்டாவது வீட்டுல பொய் சொன்னான். வீடு கிடைச்சுது. ரெண்டு வருஷம் அந்த வீட்டுல, ஊர்லேருந்து அம்மா அப்பாவை வரவழைக்கவே இல்லை. பேசினா தெரிஞ்சுடுமாம்.

அவன் அங்கே வாழ்ந்ததும் ஒரு சிமுலேஷன்தான். வேற ஒருத்தனோட உருவத்தைப் போட்டுக்கிட்டு விளையாடின கேம். என்ன, அதுல 'குவிட்' பட்டன் இல்லை.

இதை நம்ம கேம்ல வைக்கலாமா? வெச்சா, 'விளையாட்டுல எதுக்குங்க இதெல்லாம்'னு கேட்பாங்க. வைக்கலைன்னா அந்த நண்பனோட தாம்பரம் அதுல இல்லை. அமெரிக்காக்காரன் லிஸ்ட்டுல நாம இல்லைன்னு கோபப்படுற நாம, நம்ம லிஸ்ட்டுல யாரை விடப்போறோம்? கோலம் போடுற வாசல் மட்டும்தான் வாசலா?

என் ஓட்டு, வைக்கணும்ங்கிறதுக்குத்தான். அழுதுகாட்டுறதுக்காக இல்லை. கதவைச் சாத்துற ஹவுஸ் ஓனரா இதுவரைக்கும் வளர்ந்த ஒருத்தன், ஒரு மணி நேரம் அந்த ஏழு வீட்டு வாசல்லயும் நின்னு பார்க்கட்டும். சினிமா காட்டும், கதை சொல்லும். ஆனா நம்ம கையாலயே காலிங் பெல்லை அழுத்த வைக்கிறது கேம் மட்டும்தான்.

நீங்களும் இறங்கலாம்!

* முப்பரிமாண உருவம் செய்ய 'ப்ளெண்டர்', கேம் பண்ண 'கோடோ'. ரெண்டுமே இலவசம், ரெண்டுக்கும் லைசென்ஸ் காசு கிடையாது.
* சிம்ஸ் நாலாம் பாகத்தோட அடிப்படை கேம் 2022 அக்டோபர்லேருந்து இலவசம். புடவை, பொட்டு, ஜிமிக்கின்னு ரசிகர்களே செஞ்சு பகிர்ந்துக்கிறாங்க. இதுக்குப் பேர் கஸ்டம் கன்டென்ட்.
* 2023 ஜனவரியில அதே கேம்ல காது கேட்கும் கருவி வந்துச்சு. 2024-ல வெண்புள்ளி உள்ள தோலும் வந்துச்சு. வெண்புள்ளி தொத்து நோய் இல்லைன்னு பக்கத்து வீட்டுல சொல்லுங்க, அதுவும் ஒரு அப்டேட்தான்!
* பி.ஜி.எம்.ஐ. விளையாடுறீங்களா? அந்த க்ராஃப்டன் கம்பெனிதான் 2025 மார்ச்ல 'இன்ஸோய்'னு புது லைஃப் சிமுலேஷனை இறக்கியிருக்கு. அதுல ஒரு ஊர் சியோல் மாதிரி, இன்னொரு ஊர் கலிஃபோர்னியா மாதிரி. கொரியாக்காரங்க முதல்ல அவங்க ஊரை வெச்சுக்கிட்டாங்க. கத்துக்குங்க!

போன மாசம் அந்த கேமைத் திரும்ப இறக்கினேன். இப்போ அவ்வளவு நிறம் இருக்கே, நிதானமா தேடினேன். கையை ஸ்கிரீன் பக்கத்துல வெச்சு வெச்சுப் பார்த்து, கொஞ்சம் சிவப்பைக் குறைச்சு, கொஞ்சம் கருமையைக் கூட்டி... ஒரு வழியா என் கலர் வந்துச்சு. மூக்கு கொஞ்சம் சப்பை. முன் வழுக்கையையும் மறைக்கலை. லாஸ்ட் நேம் கட்டத்துல ஒரே ஒரு எழுத்து, என் இனிஷியல். கேம் சண்டை போடாம வாங்கிக்கிச்சு.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த ஃப்ரெண்டுக்கு அனுப்பினேன். அவன் அம்மாகிட்ட காட்டியிருக்கான். கேம்ப் ரோடு வீட்டுலேருந்து வாய்ஸ் மெசேஜ்ல பதில் வந்துச்சு.

"என்னப்பா, இப்படி இளைச்சுப் போயிட்டே? ஒழுங்கா சாப்பிடுறியா?"